அமீரகத்துக்குக் குடும்பத்தோடு வரும் கிறிஸ்தவர்களுக்கு: ஊரிலேயே முடித்துக்கொண்டு வரவேண்டிய காகித வேலைகள்

ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டர், அதாவது அரசு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் கடை. என் மனைவிக்குக் குடும்ப விசா போடுவதற்காக எங்கள் திருமணச் சான்றிதழைக் கொடுத்தேன். பங்குத்தந்தை கையெழுத்து, பங்கின் வட்ட முத்திரை, மறைமாவட்ட அலுவலக முத்திரை எல்லாம் அதில் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, இது கோவில் குடுத்தது. கவர்மென்ட் குடுத்தது எங்க?" என்றான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி எனக்கு நான்கு மாதமும் ஒரு விமான டிக்கெட்டும் போனது.

அடுத்த வருடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போனபோது நேர் எதிராக நடந்தது. அரசாங்கச் சான்றிதழை நீட்டினேன், கோவில் அலுவலகத்தில் "கோவில் கொடுத்தது எங்கே?" என்று கேட்டார்கள். அது ஊரில் பீரோவுக்குள் இருந்தது.

அமீரகத்தில் கிறிஸ்தவனாக வாழ்வதற்கு எனக்குத் தடை என்று எதுவும் இருந்ததில்லை. கோவில்கள் இருக்கின்றன, தமிழில் பூசை இருக்கிறது. நான் தவித்ததெல்லாம் காகிதத்தில்தான். நீங்களும் தவிக்கவேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையாருக்குச் சில இடங்களில் நடைமுறை மாறும். முதல் நான்கு படிகள் எல்லோருக்கும் பொருந்தும்.

1. ஞானஸ்நான அத்தாட்சியைப் புதிதாக வாங்குங்கள்

வீட்டில் பழைய அத்தாட்சி இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு அம்மா பத்திரமாக வைத்திருப்பார். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். திருமணம் போன்ற காரியங்களுக்கு ஆறு மாதத்துக்குள் கொடுத்த புதிய அத்தாட்சிதான் வேண்டும் என்று கோவிலில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. ஒருவருக்குக் கல்யாணம் ஆனதும், ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக அதைக் குறித்துவைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே புதிய அத்தாட்சி என்பது, நீங்கள் இன்றைக்குத் திருமணம் ஆனவரா ஆகாதவரா என்பதற்கும் சாட்சி.

கவனம், அத்தாட்சி கொடுப்பது நீங்கள் இப்போது இருக்கும் பங்கு அல்ல, ஞானஸ்நானம் நடந்த பங்கு. தாய்வீட்டில் பிரசவமாகி அங்கேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். என் மனைவியின் பதிவு அவளுடைய அம்மாச்சி ஊரில் இருந்தது. அந்த ஊர் அப்போது கிளைப்பங்கு, இப்போது தனிப்பங்கு. பழைய ஏடு தாய்ப்பங்கில். இரண்டு இடத்துக்கும் அலைந்தோம். அம்மாவிடம் "எந்தக் கோவிலில், எந்த வருஷம், ஞானத்தகப்பன் யார்" என்று மூன்றையும் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் எழுத்தருக்கு ஏட்டைப் புரட்ட எளிது.

இன்னொரு தடை, கோவில் வரி. கடற்கரைப் பங்குகளில் வரி பாக்கி இருந்தால் கடிதம் கைக்கு வருவது தாமதமாகும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சேர்ந்துபோயிருக்கும். கடைசி நாளில் போய் நின்று வாக்குவாதம் செய்யாமல், முந்தைய விடுமுறையிலேயே கணக்கை முடித்துவிடுங்கள்.

ஒரே பயணத்தில் இவற்றை வாங்கிவிடுங்கள்: கணவன், மனைவி இருவரின் ஞானஸ்நான அத்தாட்சி, உறுதிப்பூசுதல் அத்தாட்சி, கோவில் திருமணச் சான்று, பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய ஞானஸ்நான, புதுநன்மை அத்தாட்சிகள், "இவர்கள் எங்கள் பங்கு மக்கள்" என்று பங்குத்தந்தை எழுதிய கடிதம். எல்லாம் ஆங்கிலத்தில். கல்யாணம் ஆகாதவர் என்றால் மணத்தடை இல்லை என்ற கடிதமும் எதற்கும் உதவும், ஆனால் அதுவும் பழசாகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

எதற்கும் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உறை போட்ட காகிதத்தில் முத்திரை குத்த முடியாது.

2. பெயர்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

நம் பெரியவர்களின் பெயர்கள் இரண்டு உருவத்தில் இருக்கும். ஏட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. ராயப்பன் என்றாலும் பீட்டர் என்றாலும், சின்னப்பன் என்றாலும் பால் என்றாலும், அருளப்பன் என்றாலும் ஜான் என்றாலும் நமக்கு ஒருவர்தான். அமீரக அதிகாரிக்கு அவர்கள் இரண்டு பேர். என் ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் சவரிமுத்து. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேவியர். கோவில் எழுத்தர் ஏட்டில் உள்ளபடிதான் எழுதுவேன் என்றார். அவர் சொன்னது சரிதான், ஏட்டை யாரும் திருத்த முடியாது. கடைசியில் "சவரிமுத்து என்பவரும் சேவியர் என்பவரும் ஒருவரே" என்று பங்குத்தந்தை தனிக் கடிதம் கொடுத்தார். நோட்டரியிடம் அதே வாசகத்தில் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் எழுதி வாங்கினேன். இங்கே கோவிலில் அந்தக் கடிதமே போதுமானதாக இருந்தது.

அடுத்து இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் சிலருக்கு இனிஷியலை விரித்துக் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி போட்டது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். எப்படியும், மனைவியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரையும் குடும்பப்பெயரையும் பிரித்து நிரப்பி, கணவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

திருமணச் சான்றில் எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கவேண்டும். சான்று எழுதும் மேஜையில் இருவர் பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்துவிடுங்கள்.

3. கல்யாணத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள்

கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, பலிபீடத்தின் முன்னால் கைபிடித்து, பெரிய ஏட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, இதற்கு மேல் என்ன பதிவு என்றுதான் நானும் நினைத்தேன். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். கோவில் ஏட்டில் பதிந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். கல்யாண நாளிலிருந்து 90 நாள் அவகாசம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆக மொத்தம் 150.

விடுமுறையில் வந்து கல்யாணம் செய்பவர்களுக்கு இது கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். நான் கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள் விமானம் ஏறிவிட்டேன். டைப்பிங் சென்டர் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நூறு நாள் தாண்டியிருந்தது. பதிவுக்கு இருவரும் நேரில் நிற்க வேண்டும். நான்கு நாள் அவசர விடுப்பு வாங்கி, பள்ளி விடுமுறை சீசனில் கொள்ளை விலைக்கு டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய், 131ஆம் நாள் பதிவு செய்தோம். பதிவுக் கட்டணம் சில நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கொண்டுபோக வேண்டியவை: கோவில் திருமணச் சான்று, கல்யாணப் பத்திரிகையின் அசல், இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அடையாள அட்டையோடு சாட்சிகள். விண்ணப்பத்தை முன்கூட்டியே பதிவுத்துறை இணையதளத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பத்திரிகையை நாங்கள் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. மாமா வீட்டு அலமாரியிலிருந்து ஒன்று கிடைத்தது. நீங்கள் ஐந்து எடுத்துவையுங்கள்.

150 நாளும் கடந்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954இன் 15ஆம் பிரிவின்கீழ், ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதியலாம். ஆனால் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், 30 நாள் நோட்டீஸும் ஒட்டுவார்கள். அவ்வளவு விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? ஆகவே கல்யாணத் தேதி குறிக்கும்போதே பதிவுத் தேதியையும் குறித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு அடுத்த வாரம், மறுவீடு போய்வந்த கையோடு.

4. முத்திரைகள்

பதிவான சான்று மாநில அரசு, டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று இந்த வரிசையில் முத்திரை பெற வேண்டும். ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போக முடியாது. அப்போஸ்டில் முத்திரை (வேறு பல நாடுகளுக்குப் போதுமான வெளியுறவு அமைச்சக முத்திரை) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டு இங்கே முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "அமீரகத்துக்கு, தூதரக முத்திரை வரை வேண்டும்" என்று முகவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

முகவர் மூலமாக எனக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, 24 நாள் பிடித்தது. மூன்று முகவர்களிடம் விலை கேளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் சொல்கிறார்கள். இங்கே வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு சான்றுக்கு 150 திர்ஹம். அப்புறம் அரபியில் சட்ட மொழிபெயர்ப்பு. எனக்கு 120 திர்ஹம் வாங்கினார்கள். மொழிபெயர்ப்பை எல்லா முத்திரையும் விழுந்த பிறகு செய்யுங்கள், முத்திரைகளையும் மொழிபெயர்க்க வேண்டும்.

குடும்ப விசாவுக்குச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி கொடுக்கும் வீடும் இருக்கவேண்டும். குழந்தை இங்கே பிறந்தால் 120 நாளுக்குள் அதன் விசா முடிய வேண்டும். பிறப்புச் சான்றுக்கே திருமணச் சான்று கேட்பார்கள். எனவே மனைவி கர்ப்பமான பிறகு முத்திரைக்கு ஓடாதீர்கள்.

5. கோவிலைக் கண்டுபிடிப்பது

துபாயில் ஊத் மேத்தா பகுதியில் புனித மரியன்னை ஆலயம். பச்சை மெட்ரோ பாதையில் ஊத் மேத்தா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அதற்கு அருகிலேயே ஆங்கிலிக்கன் சபையின் ஹோலி டிரினிட்டி. பல மொழிச் சபைகள் அங்கே நேரம் பிரித்துக்கொண்டு ஆராதனை நடத்துகின்றன. ஜெபல் அலியில் புனித அசிசி பிரான்சிஸ் ஆலயம். ஷார்ஜாவில் யார்மூக் பகுதியில் புனித மிக்கேல் ஆலயம், சுற்றிலும் மற்றச் சபைகளின் ஆலயங்கள். அபுதாபியில் புனித சூசையப்பர் பேராலயம், முஸாஃபாவில் புனித பவுல் ஆலயம். ராஸ் அல் கைமா, ஃபுஜைரா, அல் ஐன் ஆகிய இடங்களிலும் உண்டு. பெரும்பாலான நிலம் ஆட்சியாளர்கள் கொடுத்தது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் கோவில் என்று தெரியாது. மணியோசை கேட்காது. முதல் முறை நான் மதில் ஓரமாகவே நடந்து கடந்துபோய்விட்டேன். உள்ளேயிருந்து ஜெபமாலைச் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரிய பைகளைக் கொண்டுபோகாதீர்கள்.

பூசை நேரத்தை ஊர்க்காரர் சொன்ன பழைய தகவலை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2022 ஜனவரிக்கு முன்பு இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு மாதிரி. இப்போது சனி, ஞாயிறு. ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். அதற்கேற்ப நேரங்கள் மாறிவிட்டன. தமிழ்ப் பூசை எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதைப் பங்கின் இணையதளத்தில் பாருங்கள். முதல் பூசை முடிந்ததும் வெளியே தமிழ் அன்பியக்காரர்கள் (பங்கின் சிறு ஜெபக் குழுவினர்) நிற்பார்கள். வெட்கப்படாமல் போய்ப் பெயர் கொடுங்கள். வீடு பார்ப்பதிலிருந்து பிரசவ மருத்துவமனை வரை எனக்கு உதவியது அந்த வட்டம்தான்.

பைபிள், ஜெபமாலை, சுரூபம் கொண்டுவரலாமா என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குத் தாராளமாக. பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுவருவது வேறு விஷயம், அது வேண்டாம்.

6. குழந்தைக்கு ஞானஸ்நானம், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி

தேவைப்படுபவை: குழந்தையின் பிறப்புச் சான்று, பெற்றோரின் கோவில் திருமணச் சான்று, பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி நகல்கள், ஞானத்தகப்பன், ஞானத்தாயின் உறுதிப்பூசுதல் அத்தாட்சி. பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு உண்டு. தேதி நினைத்தவுடன் கிடைக்காது. எனக்குப் பெயர் கொடுத்ததிலிருந்து ஏழு வாரம் ஆனது. தனிக் கட்டணம் கேட்கவில்லை, காணிக்கை போட்டோம்.

ஞானப் பெற்றோர் விஷயத்தில்தான் நாங்கள் சறுக்கினோம். பதினாறு வயது நிரம்பிய, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். என் சித்தப்பா மகனைக் கேட்டிருந்தோம். அவனுக்கு ஆயர் வந்து நான்கு பங்குப் பிள்ளைகளுக்குச் சேர்த்துப் பக்கத்துப் பங்கில் உறுதிப்பூசியிருக்கிறார்; பதிவு எந்த ஏட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை. தேடி எடுக்க ஒரு மாதம். சி.எஸ்.ஐ. நண்பரை ஞானத்தகப்பனாக நிறுத்த ஆசைப்படுபவர்களுக்கு: ஒரு கத்தோலிக்க ஞானப் பெற்றோர் இருந்தால், அவர் கிறிஸ்தவச் சாட்சியாகக் கூட நிற்கலாம். ஞானத்தகப்பன் ஊரில் இருக்கிறார் என்றால் பதிலாள் நிறுத்த முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் மறைக்கல்விப் பதிவை விட்டுவிடாதீர்கள். வகுப்புகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள், பதிவுக்கான வாரங்கள் முடிந்தால் கதவு மூடிவிடும். ஊரில் எந்த வகுப்பு வரை முடித்தது என்பதற்கு ஒரு கடிதம் வாங்கி வந்தால், பிள்ளை ஒரு வருடம் பின்னால் போகாது.

7. இங்கேயே கல்யாணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான குடிமைத் தனிநபர் சட்டம் 2023 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. அபுதாபியில் அதற்கும் முன்பே குடிமைத் திருமணம் வந்துவிட்டது. அது அரசாங்கத்துக்குப் போதும். கத்தோலிக்கருக்குக் கோவில் திருமணம் தனி. அதற்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு, ஊர்ப் பங்குகளில் ஓலை, மணத்தடை இல்லாச் சான்று எல்லாம் வேண்டும். ஆறு மாதம் முன்னதாகப் பங்கு அலுவலகத்தை அணுகுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கோவில் தேதி கேட்கப் போகாதீர்கள்.

8. செய்யக்கூடாதவை

பணம் திரட்டாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், நல்ல எண்ணத்திலேயே இதில் மாட்டிக்கொள்வார்கள். ஊர்க் கோவில் திருவிழா, கொடிமரம், ஒரு ஏழைப் பிள்ளையின் ஆபரேஷன் என்று வாட்ஸ்அப் குழுவில் "ஆளுக்கு நூறு திர்ஹம்" என்று போட்டுவிடுவோம். உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர யாரும் நன்கொடை திரட்டக்கூடாது என்று 2021இன் சட்டம் சொல்கிறது; சிறையும் லட்சக்கணக்கான திர்ஹம் அபராதமும் வரலாம். ஊர்த் திருவிழாவுக்குக் கொடுக்க விரும்பினால் ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து நேராகப் பங்கின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

முஸ்லிம்களிடம் துண்டுப் பிரசுரம் கொடுப்பது, மதம் மாறச் சொல்வது சட்டப்படி குற்றம். உடன் வேலை செய்பவர் உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். வாடகை வில்லாவில் பெரிய ஜெபக்கூட்டம், மைக், வாராவாரம் கார் வரிசை என்பதும் வேண்டாம். முஸ்லிம் அல்லாதோரின் வழிபாட்டு இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வீட்டில் குடும்பமாக ஜெபமாலை சொல்வதற்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

9. உயில்

இளம் வயதில் யாரும் இதை நினைப்பதில்லை. உயில் இல்லாமல் இறந்தால், 2023 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதவரின் இங்குள்ள சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண், பெண் வேறுபாடின்றிச் சமமாக. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருவருமே இல்லாமல் போனால் குழந்தை யாரிடம் போகவேண்டும் என்பதை உயிலில்தான் எழுத முடியும். அபுதாபி நீதித்துறையில் பதிவுக் கட்டணம் ஆயிரம் திர்ஹத்துக்குள். துபாய் பன்னாட்டு நிதி மையத்தில் பதிவது அதைப்போலப் பத்து மடங்கு. நாங்கள் அபுதாபி வழியில் போனோம்.

10. விடுப்பு

கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி இரண்டுமே இங்கே அரசு விடுமுறை கிடையாது. வருடாந்திர விடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், டிசம்பரில் ஊருக்குப் போக எல்லோரும் கேட்பார்கள். தவக்காலமும் ரமலானும் சில வருடம் சேர்ந்து வரும். 2025இல் ரமலான் மார்ச் 1இல் தொடங்கியது, திருநீற்றுப் புதன் மார்ச் 5. அந்த மாதத்தில் அலுவலக நேரம் குறையும், மாலைப் பூசைக்குப் போவது சுலபம். ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் சாலையில் இறங்காதீர்கள், சாலை முழுக்க வண்டிகள் நின்றுவிடும். பெரிய வெள்ளி அன்று ஊத் மேத்தா மெட்ரோ நிலையத்திலிருந்தே கூட்டம் கோவிலை நோக்கி நடக்கும். காரை வீட்டில் விட்டுவிட்டு, குழந்தைக்குத் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, சிலுவைப்பாதைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்துசேருங்கள்.